பிறருடைய பால்யத்தில் அடைபட்ட நாடு

மூன்று பாகங்களாக எடுக்கப்படும் கதையில் நடுப்படத்துக்கு வாய்க்கும் இடம் பெரும்பாலும் சங்கடமானது. தொடங்கிவைக்கும் புதுமை முதல் படத்துக்கும் முடித்துவைக்கும் நிறைவு மூன்றாம் படத்துக்கும் போய்விட, இரண்டுக்கும் இடையே கதையைச் சுமந்துசெல்லும் வேலை மட்டுமே அதற்கு மிஞ்சுகிறது. 2009 ஜனவரி 31 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியான ‘20ஆம் நூற்றாண்டுச் சிறுவர்கள்: கடைசி நம்பிக்கை’ என்ற படமும் வசூல் கணக்கில் இந்த விதிக்குத் தப்பவில்லை. 2008 ஆகஸ்டு இறுதியில் வந்த முதல் படம் சுமார் 395 கோடி யென்னும், 2009 ஆகஸ்டு இறுதியில் வந்த மூன்றாம் படம் சுமார் 441 கோடி யென்னும் ஈட்டியிருக்க, இது 301 கோடி யென்னோடு நின்றுவிட்டது. ஆயினும் இம்மூன்றில் ஊன்றிப் பார்க்கத்தக்க படம் எது என்று கேட்டால் நடுப்படத்தையே சுட்ட வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒரு கொடுங்கோலாட்சி வந்து சேர்வதை முதல் படமும் அது வீழ்வதை மூன்றாம் படமும் சொல்ல, அந்த ஆட்சியின் கீழ் மக்கள் காலையில் எழுந்து பள்ளிக்குப் போவதையும் நூடுல்ஸ் கடையில் வேலைபார்ப்பதையும் விடுமுறையில் கேளிக்கைப் பூங்காவுக்கு அனுப்பப்படுவதையும் இந்த ஒரு படம்தான் நின்று காட்டுகிறது.

இப்படங்களின் மூலம் ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. மங்கா என்றதும் சிறுவர்களுக்கான படக்கதை என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாயினும், ஜப்பானில் அது வயதுக்கும் பாலுக்கும் தொழிலுக்கும் ஏற்பப் பிரிந்து கிடக்கும் பெரும் பதிப்புத்துறை. அதில் வயதுவந்த ஆண்களை நோக்கி எழுதப்படும் வகையை ‘செய்னென்’ என்பர். 1960இல் டோக்கியோவின் ஃபுச்சூ நகரில் பிறந்த நவோகி உராசவா அவ்வகையின் முதல்வரிசைப் படைப்பாளிகளுள் ஒருவர். ஷோகாகுகான் பதிப்பகத்தின் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ என்ற வார இதழில் 1999 முதல் 2006 வரை அவர் தொடராக எழுதி வரைந்த கதை 22 தொகுதிகளாகவும், அதன் முடிவுரை போல அமைந்த ‘21ஆம் நூற்றாண்டுச் சிறுவர்கள்’ இரண்டு தொகுதிகளாகவும் நூலாயின. தலைப்பு, டி ரெக்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 1973இல் வெளியிட்ட பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. பள்ளியின் ஒலிபரப்பு அறையைக் கைப்பற்றி அப்பாடலை ஒலிக்கவிட்டால் உலகம் மாறிவிடும் என்று நம்பிய ஒரு மாணவனிடமிருந்தே மங்கா தொடங்குகிறது. உலகம் மாறவில்லை, யாரும் காது கொடுத்ததாகவும் தெரியவில்லை.

அந்த மாணவனின் பெயர் கென்ஜி. 1969இல், இன்னும் கட்டடம் எழும்பாத ஒரு வெற்று மனையில் ஆளுயரப் புல்லை முடிந்து கூரையாக்கி, அதற்குள் வானொலிப் பெட்டியும் படக்கதை இதழ்களுமாக இரகசியக் குடில் அமைத்துக்கொண்ட சிறுவர் கூட்டத்துக்கு அவன் தலைவன். உலகை அழிக்கத் துடிக்கும் தீயவர்கள், கிருமித் தாக்குதல், டோக்கியோவை மிதித்து நடக்கும் பிரம்மாண்ட எந்திரம், அதை எதிர்த்து நிற்கும் ஒன்பது வீரர்கள் என்று தாங்கள் கற்பனை செய்ததையெல்லாம் அச்சிறுவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதற்குத் ‘தீர்க்கதரிசனப் புத்தகம்’ என்று பெயரிட்டனர். வளர்ந்து, வேலை தேடி, எல்லாவற்றையும் மறந்தும் போயினர். 1997இல் சிறு பலசரக்குக் கடையொன்றை நடத்திக்கொண்டு, எங்கோ போய்விட்ட அக்காவின் கைக்குழந்தை கன்னாவை முதுகில் கட்டிக்கொண்டு திரியும் கென்ஜிக்கு, அந்த நோட்டுப் புத்தகத்தில் உள்ளவை ஒவ்வொன்றாக நிகழத் தொடங்கியிருப்பது தெரியவருகிறது. நிகழ்த்துபவன் முகமூடி அணிந்த ஒரு மதக்குழுத் தலைவன், பெயரில்லை, எல்லோரும் அவனை ‘நண்பன்’ என்றே அழைக்கின்றனர். அந்த நோட்டைப் பற்றி அறிந்தவன் ஆதலால் அவன் கென்ஜியின் பள்ளித்தோழர்களுள் ஒருவனாகவே இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் கடைசி இரவில் கென்ஜியும் தோழர்களும் எதிர்த்துப் போரிட்டுத் தோற்பதோடு முதல் படம் முடிகிறது.

தொடர் முழுவதையும் திரைக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்றவர் யூகிஹிகோ ட்சுட்சுமி. தொலைக்காட்சித் தொடர்களில் விநோதமான கோணங்களாலும் நையாண்டியாலும் பெயர் பெற்றவர். ஜப்பானில் பெரிய படங்களைத் தனி ஒரு நிறுவனம் தயாரிப்பது குறைவு. தொலைக்காட்சி நிலையம், பதிப்பகம், விநியோக நிறுவனம், விளம்பர நிறுவனம் முதலியவை கூட்டாக முதல் போட்டு, இலாபத்தையும் நட்டத்தையும் பகிர்ந்துகொள்ளும் ‘தயாரிப்புக் குழு’ முறையே அங்குப் பெருவழக்கு. இப்படங்களுக்கும் அவ்வாறே நிப்பான் தொலைக்காட்சி, ஷோகாகுகான், டோஹோ உள்ளிட்டவை கூடின. மூன்று படங்களுக்கும் சேர்த்து 600 கோடி யென் செலவு, ஏறத்தாழ 300 நடிகர்கள் என்பது வெளியீட்டின்போது விளம்பரத்தில் முன்வைக்கப்பட்ட கணக்கு. திரைக்கதையில் உராசவாவின் நெடுநாள் பதிப்பாசிரியரும் கூட்டாளியுமான தகாஷி நாகசாகியும் பங்குகொண்டார். மங்காவின் கட்டங்களை அப்படியே படமாக்கிவிட்டனரோ என்று எண்ணும்படி பல காட்சிகளில் கோணமும் முகபாவமும் மூலத்தோடு ஒத்துப்போவதற்கு இக்கூட்டுறவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடுப்படம் 2015இல் தொடங்குகிறது. படம் வெளியானபோது அது ஆறு ஆண்டுகள் தள்ளியிருந்த எதிர்காலம். எதிர்காலத்தைச் சொல்லும் படங்கள் பறக்கும் ஊர்திகளையும் கண்ணாடிக் கோபுரங்களையும் காட்டிப் பழக்கப்படுத்திவிட்டதால், இதில் வரும் டோக்கியோ முதற்பார்வைக்கு ஏமாற்றமாகவே தோன்றும். அதே தெருக்கள், அதே சீருடைகள், அதே நெரிசல். எதிர்காலச் சமூகம் ஒழுங்கின் பேராலோ நன்மையின் பேராலோ மனிதரை நசுக்குவதைச் சித்திரிக்கும் கதைகளை டிஸ்டோபியா என்பர். அவ்வகைக் கதைகளில் கொடுமை பெரும்பாலும் கட்டடங்களிலும் சீருடைகளிலும் எழுதப்பட்டிருக்கும். இங்கோ அது ஒரு வகுப்பறைப் பாடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இரத்தக்கறை படிந்த அந்த ஆண்டிறுதி இரவில் கிருமியைப் பரப்பி மக்களைக் கொன்றது கென்ஜியும் அவனது கூட்டமும் என்றும், மருந்து கொண்டுவந்து உலகைக் காத்தவன் நண்பன் என்றும் பாடப்புத்தகம் சொல்கிறது, மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கின்றனர். முதல் படத்தை ஐந்து மாதங்களுக்கு முன் பார்த்துவிட்டு வந்த பார்வையாளர் தாம் கண்ணால் கண்டதற்கு நேர்மாறானது பாடமாக நடத்தப்படுவதைப் பார்க்கிறார். இரண்டு படங்களுக்கும் இடையே விழுந்த அந்த இடைவெளியே இக்காட்சிக்கு வலு சேர்க்கிறது. ஒரே படமாக எடுத்திருந்தால் இது வெறும் கதைத் தகவலாகப் போயிருக்கும்.

வகுப்பில் இருவர் முக்கியமானவர்கள். ஒருத்தி கன்னா, முதுகில் சுமக்கப்பட்ட குழந்தை இப்போது மேல்நிலைப்பள்ளி மாணவி, பயங்கரவாதி என்று பாடப்புத்தகம் பழிக்கும் மாமனின் வளர்ப்பு மகள். ஷின்ஜுக்குவின் கபுக்கிச்சோ பகுதியில் சீன நூடுல்ஸ் கடையொன்றில் வேலைபார்த்துக்கொண்டு, சீன, தாய்லாந்து நாடுகளின் அடியாள் கூட்டங்கள் மோதிக்கொள்ளும்போது நடுவில் புகுந்து நிறுத்தும் அளவுக்குத் துணிச்சல் கொண்டவள். மற்றொருத்தி கொய்சுமி கியோகோ. எண்பதுகளில் ஜப்பானையே ஆட்டிவைத்த பாடகி ஒருவரின் பெயரோடு ஒலியில் ஒன்றுபடும் பெயர் என்பதால், அவள் அறிமுகமாகும்போதே ஜப்பானிய வாசகர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அவளுக்குக் கொள்கை கிடையாது, வீரம் கிடையாது, யாருக்கும் அவள் உறவும் அல்லள். வரலாற்றுப் பாடத்துக்கான ஆய்வுக்குத் தற்செயலாக ஆண்டிறுதி இரவைத் தேர்ந்துகொண்டு, கேட்கக் கூடாத சில கேள்விகளைக் கேட்டுவிட்ட சாதாரண மாணவி. ஐரி டைரா நடித்த கன்னா கதைத்தலைவி. ஹருக்கா கினாமி நடித்த கொய்சுமியே படத்தின் உயிர். உராசவா வரைந்த பிதுங்கிய விழியையும் திறந்த வாயையும் ஒரு மனித முகம் இவ்வளவு துல்லியமாக ஏந்தமுடியும் என்பது வியப்புக்குரியது.

கொய்சுமியின் கேள்விகளுக்குக் கிடைக்கும் தண்டனைக்குத் தண்டனை என்று பெயரில்லை. அவள் ‘நண்பன் லேண்ட்’ என்ற இடத்துக்கு அனுப்பப்படுகிறாள். வண்ணக் கொடிகளும் துள்ளல் இசையும் ஓயாத புன்னகையோடு வழிகாட்டும் பெண்களுமாக அது ஒரு கேளிக்கைப் பூங்கா. அதே வேளையில் இளையோரின் மனத்தைத் திருத்தி அனுப்பும் முகாம். அங்குள்ள வழிகாட்டிகளுள் தகாசு என்பவளாக நடித்த எய்கோ கொய்கே ஒரு கணமும் குரலை உயர்த்துவதில்லை, மிரட்டுவதில்லை. தவறான விடை சொன்ன பிள்ளையிடம் அவள் காட்டும் கனிவே பார்வையாளரின் முதுகைச் சில்லிட வைக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டுகள் தரப்படுகின்றன. கென்ஜியின் கூட்டத்தைச் சுட்டு வீழ்த்துவது அவற்றுள் ஒன்று. தேறியவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தேறாதவர்களுக்கு வேறோர் இடம் உண்டென்பது மட்டும் சொல்லப்படுகிறது, அது எத்தகையது என்பது சொல்லப்படுவதில்லை.

அந்த அடுத்த கட்டமே இப்படத்தின் மையம். மெய்நிகர்க் கருவியை மாட்டிக்கொண்ட கொய்சுமி கண் திறக்கும்போது, தான் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முந்தைய ஒரு டோக்கியோ தெருவில் நிற்கிறாள். எழுபதுகளின் தொடக்கம், மரச் சட்டமிட்ட கடைகள், மிட்டாய்க்காரி, வெயில், முகமூடி அணிந்த சிறுவர்கள். இரவில் பள்ளியின் அறிவியல் ஆய்வறையில் ஏதோ நடந்தது, அதை யாரோ பார்த்தனர் என்ற துப்பு அங்கே ஒளிந்திருக்கிறது. துப்பறியும் கதைக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதைவிட முக்கியமானது, இந்த நாட்டை ஆள்பவன் தன் குடிமக்களுக்கு வழங்கும் உச்சபட்சப் பரிசு தன்னுடைய சிறுவயதுதான் என்பது. படத்தில் வேறோரிடத்தில், நண்பன் வளர்ந்த வீடு அவன் விட்டுச்சென்றபடியே பாதுகாக்கப்பட்டிருப்பதையும், அதன் காவலனாக வாழ்நாளைக் கழிக்கும் சதாகியோ என்ற பள்ளித்தோழனையும் கொய்சுமி சந்திக்கிறாள். அங்குள்ள பொம்மைகளும் படக்கதை இதழ்களும் அவளுக்கு ஒன்றும் சொல்வதில்லை. அவற்றைக் கண்டு நெகிழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அறையெங்கும் நிறைந்திருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள 1970இன் ஒசாகா உலகக் கண்காட்சியைப் பற்றி ஓரளவு தெரிந்திருப்பது நல்லது. போரில் தோற்று 25 ஆண்டுகள் ஆன ஜப்பான், தான் எழுந்துவிட்டதை உலகுக்கு அறிவித்த நிகழ்ச்சி அது. மார்ச் முதல் செப்டம்பர் வரை நடந்த அக்கண்காட்சியை ஆறு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அன்றைய ஜப்பானின் மக்கள்தொகை பத்துக் கோடியை ஒட்டியது என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். அமெரிக்க அரங்கில் வைக்கப்பட்டிருந்த நிலாக்கல்லைப் பார்க்க மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றனர். ஓவியரும் சிற்பியுமான தரோ ஒகமோட்டோ எழுப்பிய 70 மீட்டர் உயரமுள்ள ‘சூரியக் கோபுரம்’ இன்றும் அவ்விடத்தில் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் கோடை விடுமுறை இரண்டே வகைப்பட்டது: கண்காட்சிக்குப் போனவர்களுடையது, போகாதவர்களுடையது. போகாமலேயே போனதாகச் சொல்லிவிட்டு, விடுமுறை முடியும்வரை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க நேர்ந்த ஒரு சிறுவனின் அவமானத்தை உராசவா தம் மங்காவின் ஆழத்தில் வைத்தார். நண்பனின் ஆட்சியில் டோக்கியோவில் மீண்டும் உலகக் கண்காட்சி கூடுவதும், அங்கே சூரியக் கோபுரத்தின் மறுவடிவம் எழுவதும் அந்தப் பழைய மனக்குறையின் தொடர்ச்சியே.

ஜப்பானியத் திரையுலகில் அப்போது பழைய நினைவுகளே நல்ல சரக்கு. டோக்கியோ கோபுரம் எழும்பிக்கொண்டிருந்த 1958இன் எளிய தெருவொன்றைக் கணினி வரைகலையால் மீட்டெடுத்து 2005இல் வெளிவந்த ‘ஆல்வேஸ்’ என்ற படம், அதுவும் ஒரு மங்காவின் தழுவல்தான், பெரும் வரவேற்பைப் பெற்று 2007இல் அடுத்த பாகத்தையும் கண்டிருந்தது. ஷோவா காலம், அதாவது பேரரசர் ஹிரோஹிட்டோவின் 1926 முதல் 1989 வரையிலான ஆட்சிக்காலம், அதிலும் போருக்குப் பிந்தைய வறுமையும் நம்பிக்கையும் கலந்த ஆண்டுகள், கண்ணீரோடு நினைத்துப் பார்க்கும் பொற்காலமாக மாறிக்கொண்டிருந்தன. அப்படத்தின் பின்னால் இருந்த அதே தொலைக்காட்சி நிலையமும் அதே விநியோக நிறுவனமும் பின்னால் நிற்க, பழைய நினைவே ஒரு சர்வாதிகாரத்தின் எரிபொருளாவதைச் சொல்லும் படம் வந்தது என்பது சற்று வேடிக்கையானது. தயாரித்தவர்கள் இதை எண்ணிப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம். முதல் படத்தில் அந்தப் புல்வெளிக் குடில் பார்வையாளரின் மனத்தை உருக்குகிறது. அந்தக் குடிலை நினைவில் வைத்திருக்கும் நடுவயதினரின் கதை அது. நடுப்படம் அதே குடிலை, அதைப் பார்த்தேயிராத பதினேழு வயதுப் பெண்கள் இருவரின் கண்வழியே திருப்பிக் காட்டுகிறது. அவர்களுக்கு அது யாரோ சிலர் விளையாடி முடித்த விளையாட்டு. ஆனால் அதன் விதிகளின்படி வாழவேண்டியவர்கள் அவர்கள். முப்படத் தொகுதியின் மிகக் கூர்மையான எண்ணம் இதுவே, அது நடுப்படத்தில் மட்டுமே முழு வடிவம் பெறுகிறது.

படத்தின் இடத் தேர்வுகளிலும் உராசவாவின் குறும்பு தெரிகிறது. கென்ஜியின் தோழன் ஒட்ச்சோ அடைபட்டிருக்கும் கொடுஞ்சிறையின் பெயர் உமிஹோதாரு. அது கற்பனை இடமன்று. டோக்கியோ விரிகுடாவின் குறுக்கே கவாசாகியையும் கிசரசுவையும் இணைக்கும் ‘அக்குவா லைன்’ என்ற 15 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில், கடலடிச் சுரங்கம் முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில் கட்டப்பட்ட செயற்கைத் தீவு அது. 1997 டிசம்பரில் திறக்கப்பட்டது முதல் குடும்பங்கள் காரை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி உணவருந்தும் இளைப்பாறு நிலையம். ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா போய்வந்த இடத்தையே சிறையாகக் காணும்போது ஜப்பானியப் பார்வையாளருக்கு உண்டாகும் உறுத்தல், அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்பவருக்கு உண்டாவதில்லை. ஒட்ச்சோவின் பக்கத்து அறைக் கைதி ஒரு மங்கா ஓவியன். அரசுக்குப் பிடிக்காத கதை வரைந்ததே அவன் குற்றம். கன்னா குடியிருக்கும் பழைய மாடிக் குடியிருப்பின் பெயர் டோக்கிவாசோ. ஐம்பதுகளில் ஒசாமு தெஜுக்காவும் அவரைப் பின்பற்றி வந்த இளம் ஓவியர்களும் தங்கியிருந்து மங்காக் கலையை வளர்த்த புகழ்பெற்ற குடியிருப்பின் பெயர் அது. உண்மைக் கட்டடம் 1982இல் இடிக்கப்பட்டது. இந்தியத் தொலைக்காட்சி வழியே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அறிமுகமான ‘நிஞ்சா ஹத்தோரி’யைப் படைத்த ஃபுஜிக்கோ ஃபுஜியோ ஏ அங்கு வாழ்ந்தவர்களுள் ஒருவர். அந்த ஹத்தோரியின் முகம் பதித்த பொம்மை முகமூடியைத்தான் உராசவாவின் மங்காவில் சிறுவயது நண்பன் அணிந்திருக்கிறான் என்பதை அறிந்தபின், அந்தச் சிரித்த முகத்தைப் பழைய கண்ணோடு பார்ப்பது கடினம்.

முகமூடிக்கு மற்றொரு மூலமும் உண்டு. 1990இல் நடந்த ஜப்பானிய நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு 25 வேட்பாளர்களை நிறுத்தியது. தலைவர் ஷோக்கோ அசஹாராவின் முகத்தைப் பெரிய முகமூடிகளாகச் செய்து மாட்டிக்கொண்டு, அவரது பெயரைப் பாட்டாகப் பாடி, தெருக்களில் ஆடியபடி தொண்டர்கள் வாக்குக் கேட்டனர். மக்கள் சிரித்தனர், 25 பேரும் தோற்றனர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 மார்ச் 20 காலை, அதே குழுவினர் டோக்கியோவின் சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுப்பொருளைக் கசியவிட்டனர். பத்துப் பேருக்கும் மேல் உயிரிழந்தனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நச்சைத் தயாரித்தவர்களுள் நல்ல பல்கலைக்கழகங்களில் அறிவியல் கற்றவர்கள் இருந்தனர் என்பது அந்நாட்டை நெடுங்காலம் உலுக்கிய உண்மை. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கிய இம்மங்காவில் மதக்குழு, கிருமி, அறிவியலாளர், தேர்தல் கட்சி எல்லாம் ஒருங்கே வந்தபோது, எதைப் பற்றிய கதை இது என்று வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வேறுபாடு, கதையில் மக்கள் அந்த முகமூடிக்கு வாக்களித்துவிட்டனர். அப்படி வாக்களித்திருந்தால் பதினைந்து ஆண்டுகளில் நாடு எப்படி இருந்திருக்கும் என்பதே நடுப்படத்தின் 2015.

படத்தின் உச்சத்தைச் சொல்லாமல் அதைப் பற்றிப் பேச இயலாதாகையால், கதை தெரியாமல் பார்க்க விரும்புவோர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். ஷின்ஜுக்குவின் தேவாலயம் ஒன்றில் மீட்பர் கொல்லப்படுவார் என்று புதிய தீர்க்கதரிசனப் புத்தகம் சொல்வதைக் கேட்ட கன்னா, அந்த மீட்பர் ஜப்பானுக்கு வரவிருக்கும் போப்பாண்டவரோ வேறு எவரோ என்று பதறித் திரிய, பள்ளியின் பழைய அறிவியல் ஆய்வறையில் நண்பனே தன் தோழனால் சுடப்பட்டு இறக்கிறான். உலகமே துக்கம் கொண்டாடும் இறுதிச் சடங்கில், எல்லாத் தொலைக்காட்சிகளும் பார்த்திருக்க, அவன் எழுந்து நிற்கிறான்; போப்பாண்டவரை நோக்கி வந்த தோட்டாவுக்குக் குறுக்கே நின்று அவரைக் காக்கிறான்; கடவுளாகிறான். இதை அற்புதம் என்று நம்பும் கூட்டத்தின் அழுகையும், ஏதோ சூது என்று உணர்ந்தும் சொல்ல வாயில்லாத சிலரின் திகைப்பும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. அதே வேளையில் புதிய கிருமி உலகெங்கும் பரவத் தொடங்குகிறது. ஒரு படத்தை இவ்வாறு, தீமை முழு வெற்றி பெற்ற இடத்தில், நிறுத்தும் துணிவு நடுப்படத்துக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. அடுத்த படம் வரும் என்ற உறுதி இருப்பதாலேயே பார்வையாளர் அதைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

இவ்வளவும் சொன்னபின் படத்தின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. மங்காவின் நடுத்தொகுதிகள் கிளைக்கதைகளால் ஆனவை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு புதிய மனிதர் வந்து, தம் அச்சத்தையும் ஆசையையும் நமக்குப் பழக்கிவிட்டு, கதைக்கு ஒரு துண்டு துப்பைத் தந்துவிட்டுப் போவார். வார இதழில் இருபது பக்கம் இருபது பக்கமாகப் படிப்பவருக்கு அது இன்பம். 139 நிமிடங்களுக்குள் அவர்களில் பலரை அடைக்க முயன்றதால், முகம் பதியும் முன்பே அவர்கள் மறைந்துபோகின்றனர். தாத்தா காலத்துத் துப்பறிவாளர் பெருமையைச் சுமக்கும் இளம் காவலர் ச்சோனோவுக்கு மங்காவில் உள்ள கனத்தில் கால்பங்கும் படத்தில் இல்லை. எதிர்பாராத சந்திப்புகள் அளவுக்கு மீறி நிகழ்கின்றன. ஒளியமைப்பு பல இடங்களில் தொலைக்காட்சித் தொடரைப் போலத் தட்டையாக இருக்கிறது. அடியாள் கூட்டங்கள் தேவாலயத்தில் ஒன்றுதிரளும் காட்சியில் கன்னாவின் பேச்சு, எழுத்தில் இருந்த வேகத்தை இழந்து மேடைப்பேச்சாகிவிடுகிறது. மூலத்துக்கு விசுவாசமாக இருப்பது என்பது கட்டத்துக்குக் கட்டம் ஒத்திருப்பதன்று என்பதை ட்சுட்சுமி சில வேளை மறந்துவிடுகிறார்.

முதல் படத்தில் கதையைத் தோளில் சுமந்த தோஷியாக்கி கரசவாவின் கென்ஜி இதில் பெரும்பாலும் இல்லாமலிருப்பதும் வசூல் குறைந்ததற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவன் இறந்தானா, எங்கோ கிதாரோடு அலைகிறானா என்ற கேள்வியே படம் முழுவதும் அவன் இடத்தை நிரப்புகிறது. கதைநாயகன் இல்லாத குறையை ஈடுசெய்வது, யோஷிட்சுனேயாக வரும் தெருயூக்கி ககாவாவின் நடிப்பு. பள்ளியில் யாரும் பொருட்படுத்தாத, பயந்த சுபாவமுள்ள பிள்ளையாக இருந்தவன் யோஷிட்சுனே. இப்போது நண்பன் லேண்டில் துப்புரவுத் தொழிலாளியாக மறைந்து வாழ்ந்துகொண்டு, எதிர்ப்புக் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறான். தலைவன் என்று அழைக்கப்படும்போதெல்லாம் அவன் முகத்தில் ஓடும் கூச்சத்தைக் கவனிக்க வேண்டும். தனக்கு அந்த இடம் உரியதன்று, உரியவன் வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்று எண்ணும் மனிதனின் முகம் அது. நண்பனின் முகமூடிக்கு எதிராக இப்படம் வைக்கும் முகம் இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

முதல் படத்தைப் பாராமல் இதை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. வகுப்பறைக் காட்சியின் பொய், உண்மை தெரிந்தவருக்குத்தான் சுடும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதைத் தவிர்த்து, முதல் படத்துக்கும் இதற்கும் இடையே சில நாள்களாவது விடுவது நல்லது. மங்கா கைக்குக் கிடைப்பவர்கள் நடுத்தொகுதிகளைப் படித்துவிட்டு வந்தால், ஓடி மறையும் முகங்களுக்குப் பெயர் கிடைக்கும். மூன்றாம் படம் மங்காவின் முடிவைப் பல இடங்களில் மாற்றி, நண்பன் யார் என்ற கேள்விக்குத் தன் விடையைத் தெளிவாகவே சொல்லி, எல்லோரையும் ஓரளவு சமாதானப்படுத்தி அனுப்புகிறது. நேரம் போதாதவர்கள் அதை வேண்டுமானால் விட்டுவிடலாம். நடுப்படத்தை விடக் கூடாது.